அடுத்த எண்ணும் அதன் விதியும்

2, 4, 8 என்று கரும்பலகையில் எழுதி, அடுத்து வருவது யாது என ஆசிரியர் வினவுகிறார். 16 என்னும் பிள்ளைக்கு மதிப்பெண் கிடைக்கிறது. 14 என்னும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் அப்பிள்ளை முறையே 2, 4, 6 எனக் கூட்டிச் சென்றிருக்கிறது. அதனிடமும் ஒரு விதி உண்டு, கேட்பார்தாம் இல்லை.

மூன்று எண்களே ஒரு தொடரை முற்றும் வரையறுத்துவிடா. விதியைக் கேளாது விடையை மட்டும் கேட்பது, ஆசிரியரின் மனத்திலிருப்பதை ஊகிக்கும் விளையாட்டாகவே முடியும். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பையொட்டி வெளிவந்த தொடக்கப்பள்ளிக் கணித நூல்களில் எண் ஒழுங்குகளுக்குத் தனிப் பாடங்களே இடம்பெற்றன. பாடம் இருந்தென்ன, வினா மாறாதவரை?

விதியைச் சொல்ல நாவெழாத இளம் பிள்ளைக்குப் புளியங்கொட்டைகள் போதும். ஒரு கொட்டையை வைத்து, அதன் வலப்புறமும் கீழ்ப்புறமும் மூலையிலுமாக மூன்றைச் சேர்த்தால் சதுரம் அமையும். அவ்வாறே மேலும் ஐந்தைச் சேர்த்தால் அது பெரிதாகும். 1, 4, 9. இனி வேண்டுவது ஏழு என்பதையும், ஏன் ஏழு என்பதையும் வாய்பாடு அறியாத பிள்ளையின் கையே காட்டிவிடும்.

நாற்பது பிள்ளைகளையும் "எவ்வாறு கண்டாய்?" என்று கேட்க நேரமேது எனலாம். நாளைக்கு இருவரைக் கேட்கட்டும். தவறெனத் தோன்றும் விடை தந்தவரை முதலில் கேட்கட்டும்.