கேட்பது காட்டிக்கொடுப்பதாகாது

எதிர்த்தரப்பாரின் நியாயத்துக்குக் காதுகொடுப்பவரும், அதில் ஒரு பகுதி சரியாக இருக்கக்கூடும் என்று ஒப்புபவரும் தம் தரப்பைப் பாதி விட்டுக்கொடுத்துவிட்டார் என்னும் நம்பிக்கை வட இலங்கையின் அரசியல் பேச்சில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. தமிழரிடையே அத்தகையவரைச் சுட்டத் ‘துரோகி’ என்ற சொல் எப்போதும் ஆயத்தமாக இருந்தது. அதே வேலையைச் செய்யும் சொற்கள் முஸ்லிம்களிடமும் சிங்களவரிடமும் இல்லாமற் போகவில்லை. அசையாமல் நிற்பதே உறுதி என்றும் அசைவது கோழைத்தனம் என்றும் தோன்றச் செய்வதால், இந்த நம்பிக்கையை வெளிப்படையாக மறுத்தவர்கள் மிகச் சிலரே. ஆயினும் இது தவறான நம்பிக்கை. தமிழ் பேசும் இந்துக்களும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையில் பண்டம் வாங்கி ஒரே கடலில் தொழில் செய்யும் மன்னார்த் தீவும் அதன் எதிரே கிடக்கும் பெருநிலக் கரையும் இத்தவறுக்குக் கொடுத்த விலை பெரிது.

திறந்த மனம் என்றால் கருத்தற்ற மனம் என்று பலர் கொள்வதிலிருந்தே குழப்பம் தொடங்குகின்றது. தன் கூற்றைத் திருத்திக்கொள்வதற்கு எத்தகைய சான்று தேவை என்பதை ஒருவர் முன்கூட்டியே சொல்லக்கூடியவராக இருப்பதும், எதிராளியின் வாதத்தை அவரே ஒப்பும் வடிவில் எடுத்துரைக்கக்கூடியவராக இருப்பதுமே இக்கட்டுரை அச்சொல்லால் குறிக்கும் பண்பாகும். இது மேல்நாட்டிலிருந்து வந்த புது ஒழுக்கமன்று. அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியார், பிறர் கொள்கையைக் கூறும் பரபக்கம் என்றும் தன் கொள்கையைக் கூறும் சுபக்கம் என்றும் இரு பகுதியாக அமைந்தது. சைவ சித்தாந்தத்தை நிறுவ வந்த அந்நூல் உலகாயதம் முதலான 14 கொள்கைகளை முறையே எடுத்துரைத்து மறுத்த பின்னரே தன் கொள்கைக்கு வருகின்றது. பரபக்கத்தைச் சொன்னதற்காக அருணந்தியாரைச் சைவத்துக்குத் துரோகம் செய்தவர் என்று எவரும் கூறியதில்லை. மன்னாரில் அழிந்து கிடந்த திருக்கேதீச்சரத்தை மீளக் கட்டுமாறு சைவரை அழைத்த ஆறுமுக நாவலர், இளமையில் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் ஆண்டுக்கணக்காக உழைத்தவர். அவர் தம் நிலையை மாற்றிக்கொண்டவர் அல்லரெனினும், பாதிரிமாருக்கு எதிரான அவருடைய கண்டனங்களுக்குக் கூர்மை தந்தது அவர்களுடைய வேதநூலை அவர் வரிவரியாக அறிந்திருந்தமையே.

இம்மரபைக் கைவிட்டதன் விளைவு 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் மன்னாரில் தெரிந்தது. விடுதலைப் புலிகளின் உத்தரவினால் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் தம் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி முதலான தீவின் ஊர்களிலிருந்து பெருந்தொகையானோர் உடைமைகளை இழந்து படகேறிப் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டியை அடைந்தனர். கிழக்கில் அவ்வாண்டு நிகழ்ந்த கொடுமைகளால் பெருகியிருந்த சந்தேகத்தின் பேரில், முழுச் சமூகமும் காட்டிக்கொடுக்கக்கூடியது என்று முடிவுசெய்யப்பட்டது. அம்முடிவுக்கு முன் அச்சமூகத்தின் மறுமொழியைக் கேட்க ஒரு சபையும் கூட்டப்படவில்லை. இது தவறு என்று மனத்தளவில் அறிந்த தமிழர் பலர் இருந்தும், முஸ்லிம்களுக்காகப் பேசுவதே துரோகமாக எண்ணப்பட்ட சூழலில் அந்த அறிவினால் பயன் விளையவில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அவ்வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தார். கேட்க மறுத்த ஒரு முடிவைத் தவறென்று சொல்வதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. அதற்குள் புத்தளத்து ஓலைக்கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது.

அதே 1990இல், ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், தீவின் வடகரையிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி இராமேஸ்வரத்தை அடைந்து மண்டபம் முகாமில் பதியப்பட்டனர். மேற்கே போன படகுகளின் கதை தமிழர் வீடுகளில் சொல்லப்படுகின்றது. தெற்கே போன படகுகளின் கதை முஸ்லிம் வீடுகளில் சொல்லப்படுகின்றது. சில மாத இடைவெளியில் ஒரே தீவிலிருந்து நிகழ்ந்த இவ்விரு பயணங்களும் ஒரே வரலாற்றின் பகுதிகளாக எந்த வீட்டிலும் சொல்லப்படாமையே, 2009இல் போர் முடிந்தபின் முஸ்லிம்களின் மீள்குடியேற்றம் தொடங்கியபோது எழுந்த கசப்பின் அடி வேர் எனலாம். புத்தளத்தில் வீடும் வாக்கும் உள்ளவர்கள் இங்கே ஏன் வருகின்றார்கள் என்று தமிழர் கேட்டனர். தம்மை அனுப்பிவிட்டுத் தம் நிலத்தை அனுபவித்தவர்களே இவர்கள் என்று முஸ்லிம்கள் எண்ணினர்.

மன்னார் நகரின் கோந்தைப்பிட்டி இறங்குதுறை பற்றி 2012ஆம் ஆண்டு ஜூலையில் மூண்ட தகராறு இதற்கு நேரான எடுத்துக்காட்டு. இறங்குதுறை என்பது படகை ஏற்றி வலையை உலர்த்தி மீனைக் கரைசேர்க்கும் இடம். அது இல்லாத மீனவருக்குக் கடல் இருந்தும் இல்லை. 1990க்கு முன்னரே தாம் தொழில் செய்த துறை அது என்று உப்புக்குளத்து முஸ்லிம் மீனவர்கள் உரிமை கோரினர். அப்போது அங்கே தொழில் செய்தவர்களோ, போரினால் விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்து நகரின் ஓரத்தில் குடியமர்ந்த தமிழ் மீனவர்கள். இரு தரப்பும் அகதிகளாகி வந்தவர்கள். இரு தரப்பின் கூற்றும் அதனதன் காலத்துக்கு உண்மை. ஆனால், மற்றவரின் ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பது தன் ஆண்டுகளைக் குறைத்துக்கொள்வதாகும் என்ற அச்சம் இருந்தமையால், துறையைப் பங்கிடும் முறை பற்றி நடந்திருக்க வேண்டிய பேச்சு ஆர்ப்பாட்டமாகி, நீதிமன்றத்தின் மீதான கல்லெறியில் முடிந்தது. 1990க்கு முன் அத்துறையில் எத்தனை படகுகள் நின்றன என்பதை விடத்தல்தீவார் அறியார். பின்வந்த இருபது ஆண்டுகளில் அங்கே என்ன நடந்தது என்பதை உப்புக்குளத்தார் அறியார். அத்துறையின் முழுக் கதையை அறிய ஒவ்வொருவருக்கும் எதிராளியே சாட்சியாக வேண்டியிருந்தது.

மனம் மூடியிருந்தால் நியாயமான கோரிக்கையே பழுதுபடும் என்பதற்குச் சதொச மனிதப் புதைகுழி சான்று. மன்னார் நகரின் வாயிலில் அரச விற்பனை நிலையமான சதொசவின் கட்டடம் இருந்த நிலத்தில் 2018ஆம் ஆண்டு நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில், சிறுவர்களுடையவை உட்பட 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவை அண்மைப் போரில் கொல்லப்பட்டவர்களுடையவையே என்பதில் ஐயத்துக்கு இடமில்லை என்று ஒரு தரப்பும், படையினருக்கு எதிரான பழி என்று மறு தரப்பும் அகழ்வு முடிவதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டன. புளோரிடா மாநிலத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்ட ஆறு மாதிரிகளின் காபன் பரிசோதனை, அதாவது எலும்பில் எஞ்சியுள்ள கதிரியக்கக் காபனின் அளவைக்கொண்டு காலத்தைக் கணிக்கும் முறை, அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று 2019 மார்ச்சில் காட்டியது. உடனே முதல் தரப்பினர் பலர் அறிக்கை முழுவதையும் சூழ்ச்சி என்றனர். மறு தரப்பினர் பலர், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய முறைப்பாடுகள் எல்லாமே பொய் என்பதற்கு அது அத்தாட்சி என்றனர். இரண்டும் பரிசோதனையிலிருந்து பெறப்படாத முடிவுகள். அந்தக் குழி எக்காலத்தது என்பது ஒரு வினா. படையினரிடம் கையளிக்கப்பட்ட பிள்ளை எங்கே என்று தாய் கேட்பது வேறொரு வினா. அக்குழி வேறு காலத்ததாக இருந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே சிந்திப்பது துரோகமாகப் பார்க்கப்படாதிருந்திருப்பின், இரண்டாவது வினா முதலாவதோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்காது. முறையை ஏற்றுக்கொண்டு, மாதிரிகள் போதுமானவையா, எலும்புகளோடு கிடைத்த பிற பொருள்கள் எக்காலத்தவை என்று கேட்டவர்களே காணாமற்போனோரின் உறவினருக்கு உண்மையில் துணைநின்றவர்கள். அக்கால எல்லைக்குள்ளேயே, மன்னார்க் கத்தோலிக்கர் வேதசாட்சிகளாகப் போற்றுவோர் 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் கட்டளையால் கொல்லப்பட்டனர் என்பதும் நினைக்கத்தக்கது. குழிக்கும் அதற்கும் தொடர்புண்டு என்பதற்கு ஆதாரமில்லை, ஆனால் மன்னார் மண்ணின் கீழே கிடக்கும் துயரங்கள் அனைத்தும் ஒரே எதிரியால் விளைந்தவை அல்ல என்பதை அது உணர்த்துகின்றது.

இங்கே வலிமையான மறுப்பு ஒன்று எழும்: திறந்த மனம் வலியவன் மெலியவனிடம் வாங்கும் வரி, ஆகையால் முதலில் அரசு கேட்கட்டும், இழந்தவர் ஏன் கேட்க வேண்டும் என்பது அது. அரசுக்கே கடமை முதலாவது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் எதிர்த்தரப்பைச் செவிமடுப்பது மெலியவனை மேலும் மெலியச் செய்யும் என்ற துணிபை மறைந்த மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பின் செயலே தகர்க்கின்றது. அரசு நியமித்ததும் தமிழர் பலர் சிறிதும் நம்பாததுமான ‘கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு’ 2011 ஜனவரியில் மன்னாருக்கு வந்தபோது, அவர் அதன் முன் சென்று சாட்சியம் அளித்தார். அவர் கொண்டுசென்ற கணக்கு, அரசின் மாவட்டச் செயலகங்களான கச்சேரிகளின் பதிவேடுகளை அடிப்படையாகக் கொண்டது: 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர், 2009 ஜூலையளவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தோர் ஐக்கிய நாடுகளின் கணக்குப்படி 282,380 பேர், கணக்கில் வராதோர் 146,679 பேர். எதிர்த்தரப்பின் ஏட்டைப் பொறுமையாகப் படித்து, அதிலிருந்தே கேள்வியை எடுத்து, அத்தரப்பு அமைத்த மன்றத்திலேயே வைத்தமையால்தான் அந்த எண்ணைப் பகைவரின் கற்பனை என்று எளிதில் ஒதுக்க முடியாமற்போனது. கூட்ட மேடைகளில் முழங்கிய எந்த வசனமும் அவ்வெண்ணைப்போல நிலைக்கவில்லை.

பாக்கு நீரிணையின் இழுவைமடிச் சிக்கலிலும் இதே செய்தி வேறொரு வடிவில் உண்டு. கடலடியை அரித்து, குஞ்சும் முட்டையும் பாராமல் வாரும் இழுவைமடியோடு தமிழகப் படகுகள் வருவதால் தலைமன்னார், பேசாலை, வங்காலை மீனவரின் வலைகள் அறுபடுகின்றன. 2010, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் இருநாட்டு மீனவரும் நேரிற் பேசியும் வருகை நிற்கவில்லை, ஆகவே பேச்சு வீண் என்று முடிவுகட்டுவோர் உண்டு. இழுவைப் படகுகள் பேசாலையிலும் இருக்கின்றனவே என்ற எதிர்த்தரப்பின் கேள்வியோ உண்மையானது; அதைக் கேட்ட பின் இலங்கை மீனவரின் வழக்கு நாட்டுக்கு எதிரான வழக்காக நிற்க இயலாது, வலைக்கு எதிரான வழக்காகவே நிற்க இயலும். இலங்கை நாடாளுமன்றம் 2017 ஜூலையில் நிறைவேற்றிய சட்டம் படகின் கொடியைப் பாராமல் இழுவைமடி முறையையே தடைசெய்தது. சட்டம் ஏட்டில் நிற்குமளவுக்கு உள்ளூர்த் துறைகளில் இன்னும் நிற்கவில்லை; அது நிற்கும்வரை இராமேஸ்வரத்து மீனவரின் கேள்விக்குப் பேசாலை முழு விடை சொன்னதாகாது.