தேங்காய் மட்டையில் பிறந்த மெத்தை, 2,035 கோடிக்குக் கைமாறிய கதை!

மாமல்லபுரத்தில் பெருமாளுக்கு இரண்டு படுக்கைகள் உண்டு. கலங்கரை விளக்கம் இருக்கும் குன்றில், மகிஷாசுரமர்த்தினி குகைக்குள் அவர் ஆதிசேஷன் மேல் சாவகாசமாகப் படுத்திருக்கிறார். ஊருக்குள் இருக்கும் தலசயனப் பெருமாள் கோயிலில் அதே பெருமாளுக்குப் பாம்பணை கிடையாது. வெறும் தரையில்தான் சயனம். புண்டரீக மகரிஷிக்காக அப்படிப் படுத்தார் என்கிறது தல புராணம்.

நம் வீடுகளிலும் இந்த இரண்டு படுக்கைகளும் உண்டு. கட்டிலில் மெத்தை போட்டிருந்தாலும், கோடை மதியத்தில் தாத்தா தரையில் பாய் விரித்துத்தான் படுப்பார். இந்தியாவில் மெத்தை விற்க வந்த ஒவ்வொரு கம்பெனிக்கும் முதல் போட்டி இன்னொரு கம்பெனி அல்ல, இந்தத் தரைதான். விரித்தால் படுக்கை, சுருட்டி வைத்தால் கூடம். செலவும் இல்லை, இடமும் அடைக்காது.

அந்தத் தரையோடு மல்லுக்கட்டி ஜெயித்த பெயர்களில் ஒன்று, கர்லான்.

பஞ்சு அடிப்பவரின் காலம்

கர்லான் வருவதற்கு முன்பும் மெத்தை இருந்தது. கல்யாணச் சீரில் கட்டிலோடு இலவம் பஞ்சு மெத்தை வைத்தால் அது வசதியான வீடு என்று அர்த்தம். போடிநாயக்கனூர் பக்கம் விளையும் இலவம் பஞ்சுக்குத் தனி மதிப்பு. அந்த இழைக்கு உள்ளே வெற்றிடம் இருப்பதால் எடையே தெரியாது, சூடும் ஏறாது.

ஆனால் நாளாக நாளாகப் பஞ்சு கட்டி தட்டிப் போகும். நடுவில் பள்ளம், ஓரத்தில் மேடு. உறையைப் பிரித்து, வெயிலில் காயவைத்து, அடித்து, மறுபடி அடைக்க வேண்டும். அதற்காகவே வில் மாதிரியான கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாணைச் சுண்டி ஓசை எழுப்பியபடி தெருத்தெருவாக வருவார் பஞ்சு அடிப்பவர். அந்த மெத்தைக்கு பிராண்டு கிடையாது, வாரன்டி கிடையாது. அவர் வந்தால்தான் சர்வீஸ்.

மட்டைக்கு வந்த மவுசு

1962-ல் இந்தக் குறையைப் பிடித்துக்கொண்டது ஒரு கம்பெனி. அப்போது அதன் பெயர் கர்நாடகா கன்ஸ்யூமர் புராடக்ட்ஸ் லிமிடெட். மணிப்பால் பை குடும்பத்தைச் சேர்ந்த டி. ரமேஷ் பை தொடங்கியது. சிண்டிகேட் வங்கியை உருவாக்கியதும் இதே குடும்பத்தார்தான். அவர்கள் கையில் எடுத்த கச்சாப்பொருள் தேங்காய் நார்.

நாரை அப்படியே அடைத்தால் மெத்தை ஆகிவிடாது. முதலில் நாரைக் கயிறாக முறுக்கிச் சில காலம் வைத்திருப்பார்கள். பிறகு முறுக்கைப் பிரித்தால், பின்னலை அவிழ்த்த கூந்தல் போல ஒவ்வொரு நாரும் சுருள் சுருளாக நிற்கும். அந்தச் சுருள்தான் ஸ்பிரிங். அதைத் தகடாகப் பரப்பி, ரப்பர் பாலைத் தெளித்து, அச்சில் அழுத்திச் சூடேற்றுவார்கள். நாரும் நாரும் சந்திக்கும் இடமெல்லாம் ரப்பர் ஒட்டிக்கொள்ளும். கட்டி தட்டாது, அடிக்க வேண்டாம், உள்ளே காற்றும் புகும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நார் மெத்தை கெட்டியானது. காலமெல்லாம் தரையில் படுத்துப் பழகிய முதுகு, அமிழ்ந்து போகும் மெத்தையில் போய்ப் படுத்தால் தூக்கமே வராது. கர்லான் விற்றது ஒரு வகையில் கட்டிலுக்கு ஏறிய தரையைத்தான்!

அடுத்த ஆண்டே, 1963-ல், கேரளத்தின் ஆலப்புழையில் டியூரோஃப்ளெக்ஸ் பிறந்தது. அங்கேயும் ஆரம்பம் தேங்காய் நார்தான். தென்னையும் ரப்பரும் அருகருகே விளையும் தென்னிந்தியாவில் இந்தத் தொழில் வேர் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

பொங்கி வந்த போட்டி

1971-ல் வடக்கே ஒரு பெண்மணி வேறு வழியில் கிளம்பினார். அவர் ஷீலா கௌதம். பிற்காலத்தில் அலிகார் தொகுதியிலிருந்து நான்கு முறை எம்.பி. ஆனவர். அவர் பெயரிலேயே அமைந்த ஷீலா ஃபோம் நிறுவனம் நாரைத் தொடவில்லை. பாலியூரித்தேன் ஃபோமை எடுத்துக்கொண்டது. 1937-ல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவும் கண்டுபிடித்த வேதியியல் அது.

இரண்டு ரசாயனங்களைத் தண்ணீரோடு கலந்தால் உள்ளே வாயு உண்டாகும். புளித்த இட்லி மாவு மாதிரி கலவை பொங்கி எழுந்து, அப்படியே இறுகிவிடும். வேண்டிய கனத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். மட்டை வேண்டாம், ரப்பர் தோட்டம் வேண்டாம். எந்த ஊரிலும் ஆலை போடலாம். மெத்தை வியாபாரத்தில் இது பெரிய சங்கதி. ஒரு லாரி நிறைய மெத்தை ஏற்றினாலும் அதில் பெரும் பங்கு காற்றுதான். தூரம் கூடக் கூட லாரி வாடகை லாபத்தைத் தின்றுவிடும்.

ஷீலா ஃபோமின் மெத்தைகள் ஸ்லீப்வெல் என்ற பெயரில் கடைகளுக்கு வந்தன. கர்லானும் சும்மா இருக்கவில்லை. ஃபோம், ஸ்பிரிங் இரண்டிலும் இறங்கியது. 2000-களில் கோவையிலிருந்து பெப்ஸ், அமெரிக்காவின் ரெஸ்டோனிக் தொழில்நுட்பத்தோடு ஸ்பிரிங் மெத்தைகளைக் கொண்டுவந்தது. கல்யாணச் சீர் வாங்கப் போகிற அப்பாவுக்கு முன்னால் இப்போது நாலைந்து பெயர்கள்.

பெட்டிக்குள் வந்த மெத்தை

2016-ல் பெங்களூரில் வேக்ஃபிட் தொடங்கியது. நிறுவனர்களில் ஒருவரான அங்கித் கார்க், முன்பு அதே பேயர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஃபோமில் இருக்கும் காற்றை உறிஞ்சி, சுருட்டி, அட்டைப்பெட்டியில் அடைத்து வீட்டு வாசலுக்கே அனுப்பினார்கள். லாரியில் காற்றை ஏற்றிச் செல்லும் பிரச்னைக்கு அது பதில். நடுவில் டீலர் இல்லை, ஷோரூம் வாடகை இல்லை. 100 இரவுகள் படுத்துப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். 2019-ல், 100 நாள்கள் தினமும் 9 மணி நேரம் தூங்கினால் ஒரு லட்சம் ரூபாய் என்று ஒரு 'தூக்க வேலை'யை அறிவித்து ஊரையே பேச வைத்தார்கள்.

கெட்டியான நார் மெத்தையை இப்படிச் சுருட்ட முடியாது, மடக்கினால் உடைந்துவிடும். எந்தக் கெட்டித்தனம் அதைத் தரைக்கு மாற்றாக உட்கார வைத்ததோ, அதுவே கூரியர் காலத்தில் சுமையாகிப் போனது.

பெயர் தங்கியது

2023 ஜூலையில் அந்த அறிவிப்பு வந்தது. கர்லானின் 94.66 சதவிகிதப் பங்குகளை 2,035 கோடி ரூபாய்க்கு ஷீலா ஃபோம் வாங்குகிறது. ஒன்பது ஆண்டுகள் பின்னால் பிறந்த தங்கை, அக்காவின் வீட்டையே வாங்கிய கதை.

ஆனால் வாங்கியவர்கள் கர்லான் என்ற பெயரை அழிக்கவில்லை. அழித்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான். இரண்டு தலைமுறைக் கல்யாணங்களில் சீராகப் போன பெயர் அது. ஆலையை, இயந்திரத்தைப் புதிதாகப் போட்டுவிடலாம். மாமியார் வீட்டில் மதிப்போடு உச்சரிக்கப்பட்ட ஒரு பெயரைப் புதிதாக உண்டாக்க அறுபது வருடம் ஆகும்.

தெருவில் வில்லோடு வந்த பஞ்சு அடிப்பவருக்கு அப்படி ஒரு பெயர் இருக்கவில்லை. அவருடைய தொழிலை யாரும் விலை கொடுத்து வாங்கவும் இல்லை. நாணின் ஓசை ஒரு நாள் கேட்காமல் போனது, அவ்வளவுதான்.

அடுத்த முறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இளநீர் குடிக்க நிறுத்தினால், கடைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் மட்டையை ஒரு பார்வை பாருங்கள். குப்பை என்று எல்லோரும் தாண்டிப் போன ஒன்றில்தான், அறுபது வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் கண்ணுக்குப் படுக்கை தெரிந்தது.