சவர்க்காரத்துக்கும் வாணத்துக்கும் ஒரே இலக்கமா? கைத்தொழில் வகைப்பாடு குறித்த எமது நிலைப்பாடு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் அயலிலும் சவர்க்காரம், பாத்திரம் கழுவும் திரவம், ஊதுபத்தி, மெழுகுதிரி, பசை செய்து விற்கும் சிறு முயற்சியாளர்களின் சங்கமாக இதை வெளியிடுகிறோம். விண்ணப்பப் படிவத்தில் "கைத்தொழிலின் வகை" என்ற கட்டத்தில் எங்களுக்கு எந்த இலக்கம் விழவேண்டும் என்பதே கேள்வி. செய்யும் பொருளுக்கு உரிய இலக்கம் விழவேண்டும் என்கிறோம். "இரசாயனம்" என்று கேட்டவுடனேயே 2029ஐ எழுதிவிடும் வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை.

ஐக்கிய நாடுகள் 2008இல் வெளியிட்ட சர்வதேசக் கைத்தொழில் வகைப்பாட்டின் நான்காம் திருத்தத்தில் 2029 என்பது, வேறெங்கும் வகைப்படுத்தப்படாத ஏனைய இரசாயனப் பொருட்களுக்கான வகுப்பு. வெடிமருந்து, வாணம், நெருப்புக்குச்சி, பசை, எழுதும் மை எல்லாம் அதற்குள் அடங்கும். சவர்க்காரம் அதில் இல்லை. அதன் இலக்கம் 2023. தலைக்கு வைக்கும் எண்ணெயும் அறைக்கு மணமூட்டும் பொருட்களும் அதே 2023தான். மெழுகுதிரியோ இரசாயனப் பிரிவிலேயே இல்லை, 3290க்குப் போய்விடுகிறது. சிரட்டையைச் சுட்டுக் கரியாக விற்றால் 2011. அந்தக் கரியையே நீராவியில் பதப்படுத்தி, தண்ணீர் வடிகட்டும் உயிர்ப்பூட்டிய கரியாக்கினால் 2029. மூலப்பொருளைப் பார்த்து இலக்கம் போட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

யாழ்ப்பாணத்து மில்க்வைற் சவர்க்காரத்தையும், ஆனையிறவு உப்பைக் கொண்டு கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த பரந்தன் தொழிற்சாலையையும் ஊரில் "கெமிக்கல்" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடலாம். கணக்கில் ஒன்று 2023, மற்றது 2011. இரண்டையும் கலந்துவிட்டால் வடக்கில் எது இருந்தது, எது அழிந்தது என்று எந்தப் புள்ளிவிபரத்திலும் தேட முடியாது.

"வீட்டில் செய்வது கைத்தொழிலா?" என்றும் எங்கள் உறுப்பினர்களிடம் கேட்கிறார்கள். கோஸ்ரிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஆறவிட்டு, தேங்காய் எண்ணெயில் சேர்த்துக் கிண்டி, மர அச்சில் ஊற்றி, இறுகியதும் கம்பியால் அறுத்து அடுக்குகிற பெண் உற்பத்தியாளர்தான். கையால் செய்தாலும் இயந்திரத்தால் செய்தாலும், வீட்டில் செய்தாலும் ஆலையில் செய்தாலும் சர்வதேச வகைப்பாடு வேறுபாடு பார்ப்பதில்லை. ஆனால் பரலில் வாங்கிய திரவத்தைப் போத்தலில் நிரப்பி லேபல் ஒட்டுபவரை அது வணிகப் பிரிவில்தான் வைக்கிறது. எங்களுக்குள்ளேயே அப்படிச் செய்பவர்கள் உண்டு. அவர்களுக்காக உற்பத்தி இலக்கம் கேட்டு நாங்கள் வாதாட மாட்டோம்.

பசை செய்பவருக்கு 2029 சரியான இலக்கம்தான், அதை மாற்றச் சொல்லவில்லை. வெடிமருந்துக்கும் அதே இலக்கம் என்பதால் கடனுக்கோ காப்புறுதிக்கோ போகும்போது பசைக்காரரை ஆபத்தானவராகக் கணிக்கக்கூடாது என்கிறோம். இது எண்ணிக் கணக்கெடுக்க உண்டான இலக்கம். சூழல் பாதுகாப்பு உரிமம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி தனிப் பட்டியல் பார்த்துத் தரப்படுகிறது. ஆபத்தை அங்கேதான் அளக்க வேண்டும்.

இந்தியாவின் 2008 வகைப்பாட்டில் ஊதுபத்திக்கு 20238, தீக்குச்சிக்கு 20291 எனத் தனித்தனி இலக்கங்கள் உள்ளன. சர்வதேச வகைப்பாட்டின் ஐந்தாம் திருத்தத்தை ஐ.நா. புள்ளிவிபர ஆணைக்குழு 2023இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்கேற்ப இலங்கையின் வகைப்பாட்டைத் திருத்தும்போது, சிறு உற்பத்திகளையும் அந்தளவு விரித்துப் பொருட்பெயர்களின் தமிழ் அட்டவணை ஒன்றையும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிட வேண்டும். அதுவரை, 2029 எழுதும் அலுவலர் பக்கத்திலேயே பொருளின் பெயரையும் எழுதட்டும்.

பல பொருள் செய்பவருக்குப் பெறுமதி சேர்ப்பு எதில் அதிகமோ அதுவே முதன்மைத் தொழில். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் விற்பனையை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. எனவே எங்கள் உறுப்பினர்கள் இனி விண்ணப்பத்தோடு ஒரு தனித்தாளில் தாம் செய்யும் பொருட்கள், மூலப்பொருட்கள், ஒவ்வொன்றினதும் ஆண்டு விற்பனை ஆகியவற்றை எழுதி இணைப்பார்கள்.