திருடினவர்கிட்ட கடையே ஃபைன் போடலாமா?

கலிஃபோர்னியாவில் ஒருத்தர் 10 டாலர் லிப்ஸ்டிக்கை பில் போடாம எடுத்துட்டு வந்து, கடை வாசல்லயே மாட்டிக்கிறார்னு வச்சுப்போம். பொருள் கடைக்கே திரும்பிடுச்சு. பேக்கிங் கூடப் பிரியல. அப்போ கடைக்கு எவ்வளவு நஷ்டம்? நம்ம கணக்குல பூஜ்யம். ஆனா அந்த மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 490.5ஆம் பிரிவுப்படி, கடை அவர்கிட்ட 50 டாலர்ல இருந்து 500 டாலர் வரைக்கும், செலவுத்தொகையும் சேர்த்துக் கேட்கலாம். மாட்டினது மைனர்னா அம்மா அப்பாகிட்ட கேட்கலாம். போலீஸ் கேஸ் தனி. இது அதுக்கு மேல.

இதுக்கு சிவில் ரெகவரின்னு பேர். அமெரிக்காவில் கிட்டத்தட்ட எல்லா மாநிலத்திலும் இப்படி ஒரு சட்டம் இருக்கு. கடை சார்பா ஒரு வக்கீலோ வசூல் கம்பெனியோ லெட்டர் அனுப்புவாங்க: இத்தனை நாளுக்குள்ள பணம் கட்டணும், இல்லன்னா கோர்ட்டுக்குப் போவோம்.

கடைக்காரங்க சொல்ற காரணம் இதுதான். கேமராவுக்கும் செக்யூரிட்டி சம்பளத்துக்கும் ஆகிற செலவு, ஒழுங்கா பில் போடுறவங்க தலையில விலை உயர்வா விழுது. அதைத் திருடுறவங்க ஏத்துக்கட்டுமே? கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா யாருமே மாட்டாத நாள்லயும் செக்யூரிட்டிக்கு அதே சம்பளம்தானே? 2012இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் கோர்ட்டில் இதே கேள்விதான் வந்தது. இரண்டு டீனேஜ் பெண்கள்கிட்ட 137.50 பவுண்டு கேட்டு ஒரு கடை கேஸ் போட்டிருந்தது. செக்யூரிட்டி ஆட்கள் தங்களுக்குச் சம்பளம் கொடுக்கிற வேலையைத்தான் செஞ்சாங்க, அதனால கடைக்குத் தனி நஷ்டம் இல்லைன்னு சொல்லி ஜட்ஜ் கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டார்.

கனடாவின் மானிடோபாவில் 1996இல் வந்த தீர்ப்பு இன்னும் சுவாரசியம். 14 வயசுப் பையன் ஒருத்தன் செல்லர்ஸ் கடையில் மாட்டினான். பொருள் திரும்பக் கிடைச்சும் அவன் அம்மாவுக்கு வக்கீல் லெட்டர் வந்தது. பயந்துபோய் 225 டாலர் கட்டிட்டாங்க. பிறகு அவங்களே கேஸ் போட்டு அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கினாங்க. பெத்தவங்கங்கிற ஒரே காரணத்துக்காகப் பணம் கேட்க முடியாதுன்னு கோர்ட் சொன்னது.

இங்கதான் என் பிரச்சனை. இந்த லெட்டர் தப்பு பண்ணினவரைத் தேடிப் போகல, பயப்படுறவரைத் தேடிப் போகுது. வக்கீல் வைக்க வசதி இருக்கிறவர் அதைக் குப்பையில போட்டுடுவார். பகுதி நேர வேலை பார்க்கிற ஸ்டூடண்ட், வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு நினைக்கிற குடும்பம், நிஜமாவே பில் போட மறந்தவர், இவங்கதான் சத்தமில்லாம கட்டுவாங்க. குற்றம் சாட்டுறதும் தொகையை முடிவு பண்றதும் பணத்தை வாங்கிக்கிறதும் ஒரே ஆள்னா, அதுக்குப் பேர் நீதியா?

இந்த வழியில இன்னும் கொஞ்சம் தூரம் போனா என்ன ஆகும்னு 2017இல் சான் ஃபிரான்சிஸ்கோ கோர்ட் காட்டியது. "பணம் கட்டி எங்க கோர்ஸை முடிச்சா போலீஸைக் கூப்பிட மாட்டோம்"னு கடைகளோட சேர்ந்து ஒரு கம்பெனி பிசினஸ் நடத்திட்டிருந்தது. அது மிரட்டிப் பணம் பறிக்கிறதுதான்னு கோர்ட் தீர்ப்பு சொன்னது.

திருட்டை நான் நியாயப்படுத்தல. பொருள் உடைஞ்சா, காணாமப் போனா அதோட விலையைக் கட்டணும். அதுக்கு மேல தண்டனை வேணும்னா கோர்ட் கொடுக்கட்டும்.

எம்.எஸ். படிக்க ஃபிளைட் ஏறப்போற நம்ம பேட்ச் ஆட்களுக்கு ஒண்ணு. அந்த லெட்டர் கோர்ட் உத்தரவு இல்ல. அதுல கேட்ட பணத்தைக் கட்டினாலும் போலீஸ் கேஸ் தானா மறையாது. திருட்டு வழக்குல மாட்டினா விசாவே ரத்தாகலாம். அதனால நம்ம மேல தப்பு இருந்தாலும் இல்லைன்னாலும், கார்டை எடுக்கிறதுக்கு முன்னாடி யுனிவர்சிட்டில ஸ்டூடண்ட்ஸுக்கு சட்ட உதவி கிடைக்குதான்னு விசாரிங்க.