கிழிந்த சீட்டுக்கு மதிப்பெண் வேண்டுமா?

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் என நம் மக்கள் நிறைந்து வாழும் ஊர்கள் பல உள்ளன. இங்கிருந்து இரயிலேறிச் சென்னைக்குச் சென்று, சேப்பாக்கம் மைதானத்தில் கிரிக்கெட் பார்த்துத் திரும்பியவர்கள் நம் முந்தைய தலைமுறையில் உண்டு. அத்தாவின் பழைய பெட்டியில் அத்தகைய நுழைவுச்சீட்டு ஒன்று அகப்பட்டால், அதைத் தரமதிப்பீட்டுக்கு அனுப்பலாமா என்று பிள்ளைகள் கேட்பது இக்காலத்தில் இயல்பே.

தரமதிப்பீடு என்பது யாது? அமெரிக்காவின் பி.எஸ்.ஏ போன்ற நிறுவனங்கள் சீட்டு அசல்தானா என ஆராய்கின்றன. மடிப்பு, கறை, முனைத் தேய்வு ஆகியவற்றைக் கணக்கிட்டு, 1 முதல் 10 வரை மதிப்பெண் இடுகின்றன. பின்னர், திறக்க முயன்றால் தடயம் தெரியும்படியான கெட்டியான நெகிழி உறைக்குள் அதனை அடைத்துத் தருகின்றன.

இதன் மீதான மோகத்துக்குக் காரணம் உண்டு. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் 1984 அக்டோபர் 26 அன்று ஆடிய முதல் தொழில்முறைப் போட்டியின் முழுச் சீட்டு ஒன்று, 2022 பிப்ரவரியில் 4,68,000 டாலருக்கு ஏலம் போனது. அது எவரும் பயன்படுத்தாத சீட்டு. உடன் வர நண்பர் கிடைக்காததால் அது கிழிக்கப்படாமல் மிஞ்சியது. சந்தையின் கணக்கு இதுதான்: ஒரே போட்டிக்குரிய சீட்டுகளில், உள்ளே சென்று கண்டவரின் கிழிந்த துண்டைவிட, யாரும் செல்லாத முழுச் சீட்டுக்கே விலை அதிகம்.

நம் வீட்டுச் சீட்டின் மதிப்போ அந்தக் கிழிசலில்தான் இருக்கிறது. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 348 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா 347-இல் ஆட்டமிழந்தது. டெஸ்ட் வரலாற்றில் சமனில் முடிந்த இரண்டாவது போட்டி அது. 1999 ஜனவரி 31 அன்று, டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் குவித்தும், அதே மைதானத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் தோற்றது. வென்ற அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது, தோல்வியின் வேதனையிலும் சென்னை மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். அந்தக் கூட்டத்தில் நம் வீட்டுப் பெரியவர் ஒருவரும் இருந்தார் என்பதற்கு அக்கிழிசலே சாட்சி. அதனைக் குறை என்று எண்ணும் மதிப்பெண், நம் குடும்பத்துக்கு எதைச் சொல்லிவிட முடியும்?

எனினும், தரமதிப்பீடு முற்றிலும் வீண் என்று கூறுவதற்கில்லை. விற்பதே நோக்கமானால் அதற்கு நியாயமுண்டு. ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்வை நாம் அறிவோம். முகமறியாதவருக்கு விற்கையில், போலி அன்று என்பதற்கு நடுநிலையான சான்று இருப்பது இருவருக்கும் நலம். ஆனால் கட்டணம், இருவழி அஞ்சல், காப்பீடு ஆகிய செலவுகளைக் கூட்டிப் பார்த்து, அதே போட்டியின் சீட்டு உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று அறிந்த பின்னரே முடிவு செய்க. வாங்குவோர் இல்லாத பொருளுக்குச் சான்று தேடுவது வீண்விரயமே.

விற்கும் எண்ணம் இல்லையெனில், செய்ய வேண்டியவை எளியவை. சீட்டை லேமினேஷன் செய்யாதீர்கள். அதைப் பிறகு பிரிக்க இயலாது. அண்மைக்காலத்து வெப்பத்தாள் சீட்டாயின் அச்சூட்டில் கறுத்தே போகும். செலோடேப்பும் ஒட்டாதீர்கள். அமிலமற்ற தாளுடன் பாலியெஸ்டர் உறையிலிட்டு, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். விலையுயர்ந்த நெகிழி உறைக்குள் இருந்தாலும், வெயில் பட்டால் மை வெளுக்கவே செய்யும்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் அருகில் அமருங்கள். எவரோடு சென்றார்கள், எங்கே அமர்ந்தார்கள், என்ன கண்டார்கள் என்று கேட்டுத் தனித்தாளில் எழுதிச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். சீட்டு அசல்தான் என்று எந்த நிறுவனமும் சொல்லலாம். அதைக் கையில் பிடித்தவர் யார் என்று நம்மைத் தவிர எவரும் சொல்ல முடியாது. நம் பெரியவர்களின் நினைவுகளைப் பேணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக.