அழகு என்னும் திரை: சந்தோஷ் சிவன், ‘காலாபாணி’, அந்தமான்

தமிழில் எழுதப்படும் திரைப்பட ஆய்வுகளில் சந்தோஷ் சிவனுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஒரு பெயரடைதான். ‘கண்ணைக் கவரும் ஒளிப்பதிவு’, ‘ஓவியம் போன்ற காட்சிகள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு ஆய்வாளர் கதைக்கும் இயக்குநருக்கும் திரும்பிவிடுகிறார். இது பாராட்டுப்போலத் தோன்றினாலும், படிக்க மறுப்பதற்கு நாம் கண்டுபிடித்த மரியாதையான வழி என்றே இதைச் சொல்லவேண்டும். அழகு என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் வினா எழுப்ப வேண்டியதில்லை.

‘பெருந்தச்சன்’, ‘காலாபாணி’, ‘இருவர்’, ‘தில் சே’ ஆகிய நான்கு படங்களின் ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது பெற்றவர் அவர். 2024இல் கான் திரைவிழாவில் ஒளிப்பதிவாளர்களுக்கான பியர் ஆஞ்ஜெனியூ விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. இவற்றோடு ‘ஹலோ’, ‘மல்லி’, ‘தி டெரரிஸ்ட்’, ‘அசோகா’, ‘தஹான்’, ‘உருமி’, ‘இனம்’ என இயக்குநராகவும் நீண்ட வரிசை உண்டு. பிரேசிலில் வால்டர் கார்வாலோ ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். பின்னர் ‘புடபெஸ்தெ’யை இயக்கியவர். இத்தகையோரின் வாழ்க்கைப் பணியை ‘முதலில் தொழில்நுட்பம், பிறகு கலை’ என்று இரண்டாக வெட்டுவதே நம் வழக்கம். அந்த வெட்டு பிழையானது என்பதைக் காட்ட, நான் ஆய்வு செய்யும் அந்தமானையே சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1996இல் வெளியான ‘காலாபாணி’, தமிழில் ‘சிறைச்சாலை’, பிரியதர்ஷனின் படம் என்றே பேசப்படுகிறது. தேசியம், தியாகம், ஆங்கிலேயக் கொடுமை ஆகியவை குறித்து எழுதுகிறோம். செல்லுலார் சிறை என்றதும் மறவாமல் ஃபூக்கோவை அழைத்துவருகிறோம். ஆனால் கேமரா எங்கே நின்றது என்று கேட்பதில்லை. அந்தச் சிறையே பார்வையை ஆளும் ஓர் இயந்திரம். நடுவில் ஒரு காவற்கோபுரம்; அதிலிருந்து ஆரக்கால்களாக விரியும் ஏழு சிறகுகள். ஒரு சிறகின் முகப்பு அடுத்ததன் முதுகை நோக்குமாறு அமைந்ததால், கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணவியலாது. இத்தகைய கட்டடத்தில் கேமராவைக் கோபுரத்தில் வைப்பதும் அறைக்குள் வைப்பதும் ஒன்றாகுமா? எத்தனை ஷாட்டுகள் காவலனின் இடத்திலிருந்து, எத்தனை கைதியின் இடத்திலிருந்து என்று எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வேட்டையும் நான் இதுவரை கண்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. கதை நிகழும் 1915இல் ஏழு சிறகுகளும் இருந்தன. படம் எடுக்கப்பட்டபோது எஞ்சியிருந்தவை மூன்றே. இல்லாத நான்கையும் நம் மனத்தில் எழுப்பியவை சாபு சிரிலின் கலை இயக்கமும் சிறப்புத் தோற்றங்களும் கேமராக் கோணங்களுமே. வரலாற்றின் காட்சிச் சான்றாக நாம் நினைவில் வைத்திருக்கும் ஒன்றைச் செய்துதந்தவர்களை ‘தொழில்நுட்பக் குழு’ என்று அடிக்குறிப்பில் தள்ளுவது என்ன நேர்மை?

‘ஒளிப்பதிவாளர் இயக்குநர் கேட்டதைத் தருபவர்தானே’ என்று மறுப்பு வரும். அதற்கு விடை அவருடைய வாழ்க்கைப் பணியிலேயே இருக்கிறது. மணிரத்னத்தின் ‘தில் சே’யும் சந்தோஷ் சிவனே இயக்கிய ‘தி டெரரிஸ்ட்’டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. இரண்டின் மையத்திலும் தற்கொலைத் தாக்குதலுக்கு ஆயத்தமாகும் ஒரு பெண். ‘தில் சே’யில் அவளைக் காதலிக்கும் ஆணின் வியப்பினூடே அவளைப் பார்க்கிறோம், நிலப்பரப்பு விரிகிறது, அவள் புதிராகவே நிற்கிறாள். ‘தி டெரரிஸ்ட்’டில் கேமரா ஆயிஷா தார்க்கரின் முகத்தை விட்டு நகர மறுக்கிறது, மூச்சும் நீர்த்துளியும் கண்ணிமையுமே கதையாகின்றன. அவர் எந்தத் தொலைவில் நிற்பது என்பதைத் தெரிந்தே தேர்பவர் என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் ஒப்புக்கொள்வர். தேர்பவர் ஆசிரியர் எனில், அவர் பதில் சொல்லவும் கடமைப்பட்டவர்.

அந்தக் கேள்வி இது: ‘காலாபாணி’யின் சட்டகத்துக்கு வெளியே நின்ற அந்தமான் எது? 1858இல் தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்தில் அரசியல் கைதிகள் சிறுபான்மையினர். பெருந்தொகையினர் பெயர் அறியப்படாத சாதாரணக் கைதிகள். அவர்களில் பலர் இங்கேயே மணந்து நிலம் உழுது தங்கினர். 1921 மலபார் எழுச்சிக்குப் பின் நாடுகடத்தப்பட்ட மாப்பிள்ளைகளின் ஊர்கள் தெற்கு அந்தமானில் இன்றும் காலிகட், மஞ்சேரி என்றே வழங்குகின்றன. இவர்கள் அனைவருக்கும் முன்னரே இங்கு வாழ்ந்த பழங்குடிகளோ, 1890களில் எம். வி. போர்ட்மன் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் கேமராமுன் அளவெடுக்கப்படும் உடல்களாக நிறுத்தப்பட்டனர். இத்தீவுகளில் கேமரா ஒருபோதும் குற்றமற்ற கருவியாக இருந்ததில்லை. 2012இல் ஜாரவாப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடவைத்த காணொளி வெளிவந்து நாடே தலைகுனிந்ததை மறந்துவிட்டோமா?

‘ஒரு படம் எல்லாவற்றையும் காட்ட இயலுமா?’ இயலாது. படத்தின்மீது எனக்கு வழக்கில்லை. என் வழக்கு நம்மீது. ஒரு படத்தின் சட்டகத்தையே ஒரு தீவுக்கூட்டத்தின் எல்லையாக ஏற்றுக்கொண்ட வாசிப்பின்மீது. சிறையும் கடலும் மட்டுமே அந்தமான் என்று தமிழுலகம் நம்புகிறது. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டதும், 2004 ஆழிப்பேரலை அத்தீவைச் சிதைத்ததும் நம் திரைப்பட ஆய்வில் ஒரு வரியாகவும் பதிவாகவில்லை. 2014இல் சந்தோஷ் சிவனின் ‘இனம்’ ஈழப்போரைக் காட்டிய விதம் குறித்துத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களில் படம் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அப்போதும் அதன் அரசியலைப் பற்றிப் பேசினோம். அந்த அரசியலைக் கேமரா எப்படிக் கட்டியது என்று ஷாட் ஷாட்டாகப் படிக்க எவரும் முன்வரவில்லை. படிக்காமலே புகழ்ந்த ஒருவரைப் படிக்காமலே கண்டிப்பதும் நமக்கு எளிதாயிற்று.

ஆய்வு மாணவர்களிடம் நான் வேண்டுவது மிகச் சிறிது. ஆய்வேட்டில் படத்தின் பெயரை எழுதும்போது இயக்குநர் பெயருக்கு அருகில் ஒளிப்பதிவாளர் பெயரையும் எழுதுங்கள். ‘அழகு’ என்று எழுதக் கை போகும் இடத்தில் நின்று, ஒளி எங்கிருந்து வருகிறது, யார் முகத்தில் விழுகிறது, யாரை இருளில் விடுகிறது என்று எழுதுங்கள். வழிகாட்டும் பேராசிரியர்கள் இதனை ஏற்க மறுத்தால் காரணம் கேளுங்கள். மாற்றுக் கருத்துடையோர் ‘காலாபாணி’யின் ஏதேனும் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு ஷாட் வாரியாக மறுத்து எழுதட்டும். அப்படி ஒரு மறுப்பு வந்தாலே நம் துறை ஓரடி முன்னேறிவிடும்.