கம்பம் ஏறிய மலையில் வீடு ஏறாதா?

மாணவத் தோழர்களே!

ஆய்வகத்தில் நாம் கற்பது அறிவியலா, அறிவியலின் நிழலா? நெடுமங்காட்டுப் பக்கம் கான்கிரீட் வார்ப்புக்களம் ஒன்றைப் பார்த்து வந்த நாள் முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நான் வேதியியல் படிப்பவன். சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றவன். ஆனால் வார்த்த கம்பங்களின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, ஒரு தொழிலாளி ஓயாமல் நீர் தெளிப்பதைக் கண்டபோதுதான் அந்த வரியின் பொருள் விளங்கிற்று. "தண்ணி காட்டாட்டா வெடிச்சிரும், தம்பி" என்றார் களத்து மேஸ்திரி. நாகர்கோவில்காரர். நான் மூன்று பக்கத்தில் எழுதியதை அண்ணாச்சி மூன்று சொல்லில் முடித்துவிட்டார்!

வார்க்கும் முறையைச் சொல்லுகிறேன். நீண்ட களத்தின் இரு முனைகளிலும் அசையாத் தாங்கிகள். அவற்றுக்கிடையே வலிமை மிக்க எஃகுக் கம்பிகளை ஜாக்கி வைத்து இழுத்துப் பிணைக்கிறார்கள். கம்பிகளைச் சுற்றி இரும்பு அச்சுகள். சிமெண்டும் மணலும் ஜல்லியும் தண்ணீரும் அளவாகச் சேர்ந்த கலவை அச்சில் விழுகிறது. வைப்ரேட்டர் அதிர்ந்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுகிறது. கலவை போதிய வலுப் பெற்றதும் முனைகளில் கம்பியை அறுக்கிறார்கள். இழுபட்ட கம்பி சுருங்க முயல்கிறது. தன்னைப் பற்றியுள்ள கான்கிரீட்டை இறுக அமுக்குகிறது. அமுக்கத்தைத் தாங்குவதில் கான்கிரீட் மல்லன். இழுப்பைத் தாங்கும் ஆற்றலோ அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். முன்கூட்டியே அமுக்கி வைத்து அந்தக் குறையை ஈடுசெய்கிறார்கள். கலவையில் சிறு கனசதுரங்களையும் வார்த்து, 28ஆம் நாள் நசுக்கிப் பார்த்து வலிமையைக் கணக்கெழுதுகிறார்கள்.

வேலை செய்தோரில் பலர் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்கள். நேற்று நம் பாட்டன்மார் எப்படி இந்த நாட்டுக்கு வந்தார்களோ, அப்படியே இன்று அவர்கள்.

அன்று மாலைப் பேருந்தில் பொன்முடிக்கு ஏறினேன். 22 கொண்டை ஊசி வளைவுகள். பிறர் மூடுபனி காண ஏறுகிறார்கள். நான் வீட்டுக்கு ஏறுகிறேன். மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் என் பெற்றோர் வாழ்கிறார்கள். தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். ஓர் அறை, ஓர் அடுக்களை, மேலே தகரம். மழை வந்தால் ஒழுகும் இடந்தோறும் ஒரு பாத்திரம். வாசலிலோ மின்கம்பம் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. காலையில் நான் கண்ட கம்பங்களின் உடன்பிறப்பு! எட்டு மீட்டர்க் கம்பம் ஏறி வந்த மலையில் ஒரு வீடு ஏறி வரக்கூடாதா?

இது புதுக் கனவன்று. பிரிவினையில் வீடிழந்து வந்த மக்களுக்காக 1948ஆம் ஆண்டிலேயே தில்லியில் அரசின் வீட்டுத் தொழிற்சாலை தோன்றியது. சென்னைப் பெரும்பாக்கத்தில் அச்சில் வார்த்த பகுதிகளை இணைத்துக் கட்டிய 1,152 வீடுகள் 2022இல் திறக்கப்பட்டன. நம் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கடலலையை எதிர்த்து நிற்பவையும் வார்ப்புகளே. பாலத்துக்கு உண்டு, துறைமுகத்துக்கு உண்டு, மாநகரத்துக்கு உண்டு. கொழுந்து பறிக்கும் கைகளுக்கு மட்டும் இல்லையா?

"பெரிய சுவர்ப் பலகைகளைத் தூக்கும் கிரேன் மலைவளைவில் திரும்பாதே" என்பர் சிலர். உண்மைதான். ஆனால் ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஒன்றரை மீட்டருக்கு மிகாத நீளம், 30 சென்டிமீட்டர் அகலம் கொண்ட சிறு பலகைகள். அவற்றைத் தாங்கச் சிறு உத்தரங்கள். பலகையை ஆட்களே தூக்கி வைத்துக் கூரை பரப்பலாம். கிரேன் வேண்டா, மனம் வேண்டும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். சரியும் மண்ணின்மேல் எந்த வலிய சுவரும் நில்லாது. ஆகவே முதலில் இடம், பிறகே சுவர். மண்ணறிந்தோர் பார்த்துச் சொன்ன இடத்திலேதான் வீடு எழ வேண்டும்.

அதனினும் பெரிய தடை வேறொன்று. லயம் வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. என் தந்தைக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டே ஆண்டுகள். மூன்று தலைமுறை உழைத்த மண்ணில் எங்களுக்கு என்று ஒரு முழ நிலம் இல்லை. வார்ப்புக்களம் வீட்டை ஒரு வாரத்தில் தரலாம்; பட்டாவை எந்த அச்சில் வார்ப்பது? அதை அரசும் தோட்டமும் மனம் வைத்தால்தான் தர முடியும். கேட்க வேண்டிய வாய் நம்முடையது.

தோழர்களே! வரும் விடுமுறையில் மன்றத்தின் சார்பில் லயங்களுக்குச் செல்வோம். எத்தனை கூரை ஒழுகுகிறது, எத்தனை குடும்பம் ஓய்வுக்குப்பின் போக்கிடமின்றி நிற்கிறது என்று வீடு வீடாக எழுதுவோம். பொறியியல் பயில்வோர் ஒரு கூரைக்கு ஆகும் செலவைக் கணக்கிடட்டும். வெறும் முழக்கத்தை ஒதுக்குவது எளிது. கணக்கோடு வரும் கோரிக்கையை ஒதுக்குவது அவ்வளவு எளிதன்று.

அன்றிரவு கைப்பேசியில் வார்ப்புப் பலகைகளின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். கம்பியின் இழுப்பைப் பற்றியோ கான்கிரீட்டின் வலிமையைப் பற்றியோ அவள் கேட்கவில்லை.

"இதை வைத்துக் கூரை போட்டால் ஒழுகாதா, ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒழுகாது என்றேன். எப்போது வரும் என்று அவள் கேட்டிருந்தால், என்னிடம் விடை இல்லை.